தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனை

நாமக்கல் மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இது முதல் கர்ப்பம். 26 வாரம் ஆகிறது. கணவர் தாய்மாமன் மகன். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தொப்புள்கொடி ரத்த வங்கியின் (பிரசவத்தின்போது எடுக்கும் கொடி ரத்தத்தைப் பிற்காலச் சிகிச்சைக்கென உறையவைத்துக் காக்கும் நிறுவனம்) பிரதிநிதி ஒருவர் அறிமுகமாகி, செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டு, அன்றிலிருந்து தினமும் அழைக்கிறார். "பிரசவம் ஆன சில நிமிடத்துக்குள் எடுத்தால்தான் உண்டு, விட்டால் ஆயுசுக்கும் கிடைக்காது. 80 வகை நோய்க்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கும்" என்கிறாராம். மொத்தம் 65 ஆயிரம் ரூபாய், தவணையிலும் கட்டலாம். 5 ஆயிரம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கடிதத்தின் நடுவில் இன்னொரு விஷயமும் வருகிறது. கணவரின் அக்கா மகளுக்கு ஆறு வயது, தலசீமியா (உடம்பில் போதுமான ஹீமோகுளோபின் உருவாகாத பரம்பரை ரத்த நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேலத்துக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி. "சேர்த்து வை கண்ணு, நம்ம குழந்தைக்கும் ஆச்சு, அந்தப் புள்ளைக்கும் ஆச்சு" என்று மாமியாரான அத்தை வற்புறுத்துகிறார். கணவருக்கு இவ்வளவு பணம் போடுவதில் தயக்கம். "காசு கட்ட முடியாவிட்டால் தானமாகவாவது கொடுக்கலாமா? சேமிக்காமல் விட்டு நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது வந்தால் என்னை நானே எப்படி மன்னிப்பேன்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில்: கடன் வாங்கி இந்த 65 ஆயிரத்தைக் கட்ட வேண்டாம். கட்டாமல் விடுவதால் உங்கள் குழந்தைக்கு நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. காரணங்களைக் கீழே விளக்குகிறேன். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

இந்த வாரமே எடுக்க வேண்டிய பரிசோதனை

உங்கள் நாத்தனார் மகளுக்குத் தலசீமியா என்றால், அவளுடைய அப்பா அம்மா இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். கேரியர் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். கேரியராக இருப்பவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. லேசான ரத்தசோகை இருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டால் மட்டும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாத்தனாருக்கு அந்த மரபணு அவருடைய அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். ஆகவே உடன்பிறந்தவரான உங்கள் கணவர் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது உங்கள் மாமனாரான தாய்மாமாவின் வழியில் வந்தது என்றால், அவருடன் பிறந்த உங்கள் அம்மாவுக்கும் இருக்கலாம். அம்மா வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். மாமா வழியில் வந்திருக்க இரண்டில் ஒன்று, உங்கள் கணவருக்கு இரண்டில் ஒன்று, உங்களுக்கு நான்கில் ஒன்று என்று பெருக்கினால், நீங்கள் இருவரும் கேரியராக இருக்க 16-க்கு 1 வாய்ப்பு. குழந்தைக்கு நோய் வர 64-க்கு 1. பரிசோதனை எதுவும் செய்யாத நிலையில் போடும் தோராயக் கணக்குதான் இது. சொந்தத்தில் திருமணம் செய்ததைக் குற்றமாகச் சொல்லவும் இதை எழுதவில்லை. உங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் இருப்பது தெரிந்த பிறகும் உங்கள் இருவரையும் யாரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை என்பதுதான் என் கவலை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பரிசோதனை நடந்ததாகவே இல்லை.

முதலில் உங்கள் கர்ப்பகாலக் கோப்பைத் திறந்து பழைய ரத்த அறிக்கையை எடுங்கள். ஹீமோகுளோபின் அளவுக்குக் கீழே எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு), எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின்) என்று இரண்டு வரி இருக்கும். எம்.சி.வி. 80-க்குக் கீழேயோ, எம்.சி.ஹெச். 27-க்குக் கீழேயோ இருந்தால் சந்தேகம் கூடுகிறது. இரும்புச்சத்துக் குறைவிலும் இவை இறங்கும் என்பதால் பெரும்பாலும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், யாரும் மேற்கொண்டு பார்ப்பதில்லை. எண் சரியாக இருந்தாலும் உங்கள் குடும்ப வரலாற்றுக்கு அது மட்டும் போதாது. ஹெச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி வழக்கமாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று எடுத்துக்கொள்வார்கள். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2 அளவும் சற்றுக் குறைவாகக் காட்டும். அதனால் அறிக்கையை நீங்களே படித்து முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாத்தனார் மகளின் மருத்துவக் கோப்பின் நகலையும் கொண்டுபோங்கள். அவளுக்கு இருப்பது எந்த வகைத் தலசீமியா, எந்த மரபணு மாற்றம் என்று அதில் இருந்தால் வேலை சுலபம்.

வழக்கமாக முதலில் மனைவிக்குச் செய்து, சந்தேகம் வந்தால் கணவருக்குச் செய்வார்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஏழாவது மாதம் நடக்கிறது. இருவரும் ஒரே நாளில் போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதிக்குள் இது முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் செலவு இன்னும் குறையும்.

இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று வந்துவிட்டால் பீட்டா தலசீமியா பற்றிய பயத்தை விட்டுவிடலாம். குழந்தை அதிகபட்சம் கேரியராக இருக்கும். இருவருமே கேரியர் என்று வந்தால் உடனே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். பொதுவாக இப்படிப்பட்ட தம்பதிக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்துக் கருவைப் பரிசோதிப்போம். அந்தக் கட்டம் உங்களுக்குத் தாண்டிவிட்டது. பனிக்குட நீரை எடுத்து இப்போதும் கண்டறிய முடியும். ஆனால் 24 வாரத்துக்குப் பிறகு கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தால், 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி மாநில மருத்துவ வாரியம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சே வேண்டாம் என்று நீங்கள் நினைத்தாலும் அது உங்கள் உரிமை. அப்படியானால் பிறந்தவுடன் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தொப்புள்கொடியிலிருந்து சில மில்லி ரத்தம் போதும். இந்த நோய் பிறக்கும்போது வெளியே தெரியாது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் குழந்தை வெளுத்து, சோர்ந்து, வயிறு உப்பிய பிறகுதான் பல வீடுகளில் கண்டுபிடிக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் முதல் நாளிலிருந்தே சரியான கவனிப்பைத் தொடங்கலாம்.

சரி, சேமித்த ரத்தம் யாருக்குப் பயன்படும்?

தொப்புள்கொடி ரத்தத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. 1988-ல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார்கள். அவன் பிழைத்தான். அதன்பிறகு உலகம் முழுவதும் பல்லாயிரம் பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஏற்றியது அவனுடைய சொந்த ரத்தத்தை அல்ல, நோயில்லாத தங்கையின் ரத்தத்தை. இந்த ஒரு விஷயத்தைத்தான் பிரதிநிதிகள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் குழந்தைக்குத் தலசீமியா வந்தால், அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அதைத் திரும்ப ஏற்றினால் நோயையே திரும்ப ஏற்றுகிறோம். ரத்தப் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதே கதை. குழந்தைப் பருவத்தில் வரும் பல ரத்தப் புற்றுநோய்களில் முதல் மரபணு மாற்றம் கருவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சேமித்த பையிலும் அது இருக்கக்கூடும். தவிர, வேறொருவரின் செல்களுக்கு மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தேடி அழிக்கும் குணம் உண்டு. சொந்தச் செல்களுக்கு அது கிடையாது. பிரதிநிதி காட்டும் அந்த 80 நோய்ப் பட்டியலில் பெரும்பாலானவை அடுத்தவர் செல்களைக் கொண்டு சிகிச்சை செய்யப்படுபவைதான்.

அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தறிக்கையில், தனியார் வங்கிச் சேமிப்பை 'உயிரியல் காப்பீடு' என்று சொல்வது தவறு என்றது. முதல் 20 வருடத்தில் ஒரு குழந்தை தன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு 0.04 முதல் 0.0005 சதவீதம் என்பது அதில் தரப்பட்டுள்ள கணக்கு. அதாவது 2,500-க்கு 1 முதல் 2 லட்சத்துக்கு 1 வரை. மேலே உங்கள் குடும்பத்துக்குப் போட்ட 64-க்கு 1 என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 65 ஆயிரம் கேட்பவர் எந்த ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார், உங்களிடம் எந்த ஆபத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது புரியும்.

ஆட்டிசம், மூளை வாதம், சர்க்கரை நோய், தாத்தாவின் மூட்டு வலி என்று பட்டியலை நீட்டினால் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தொப்புள்கொடி ரத்தமும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்து முறையாக ஆய்வு செய்தார்கள். 2020-ல் வந்த முடிவில், எந்தப் பலனை எதிர்பார்த்து ஆய்வைத் தொடங்கினார்களோ அது கிடைக்கவில்லை. குறிப்பிட்ட சில நோய்களுக்குச் செய்யும், ரத்தத்தை உருவாக்கும் செல்களின் மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் எல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகளின் நிலைப்பாடு. தொப்புள்கொடித் திசு, நஞ்சு, பல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் செல்களை வணிக ரீதியாகச் சேமிப்பதை அது பரிந்துரைக்கவில்லை. 'ரத்தத்தோடு திசுவையும் சேர்த்து வைத்தால் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு என்ன செய்யலாம்?

அத்தையின் ஆசையில் தப்பே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேத்தி கையில் ஊசி குத்துவதைப் பார்க்கிறவருக்கு எந்த வழியாவது திறக்காதா என்றுதான் தோன்றும். ஆனால் மாற்று சிகிச்சைக்கு ஹெச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகள் என்று ஒரு படி தள்ளிப் போனால் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பங்களில் சற்றே கூடலாம். ஆனாலும் அதை நம்பி இப்போதே பணத்தைப் போட முடியாது.

உங்கள் கடிதத்தில் அவளுக்கு மூன்று வயதில் தம்பி இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவனுக்கு ஹெச்.எல்.ஏ. பரிசோதனை நடந்திருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் நாத்தனாரிடம் இன்றே கேளுங்கள். அவன் தலசீமியா கேரியராக இருந்தாலும் பரவாயில்லை, அக்காவுக்குத் தானம் கொடுக்கலாம். அவன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வைக்கவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். பொருத்தம் இருந்தால் அவனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்துக்கொள்ளலாம். அதில் இன்னும் அதிகமான செல்கள் கிடைக்கும். பிரதிநிதி சொல்வதுபோலப் பிரசவ அறையோடு எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை என்பதற்கு அந்தப் பையனே சாட்சி.

இதில் காலம் தாழ்த்தக் கூடாது. ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் கெடுவதற்கு முன், சிறு வயதிலேயே செய்யும் மாற்று சிகிச்சையின் பலன் நன்றாக இருக்கும். இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தவறாமல் கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல வருடங்களாகத் தலசீமியாவுக்கு மாற்று சிகிச்சை செய்துவருகிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017-ல் தொடங்கிய தலசீமியா பால சேவா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைகளின் மாற்று சிகிச்சைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தம்பி முழுப் பொருத்தமாக இருந்து, குடும்ப வருமானம் அந்தத் திட்டத்தின் வரம்புக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஒருவேளை உங்கள் நாத்தனார் மறுபடியும் கருவுற்றால், அப்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. முதலில் கருவுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் அவர் மகளைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரின் வழிகாட்டுதலில், அந்த மகளுக்கென்றே பிறக்கும் குழந்தையின் ரத்தத்தை எடுத்து வைக்கலாம். வீட்டில் நோயுள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும்போது பிறக்கப்போகும் குழந்தையின் ரத்தத்தைச் சேமிப்பதை மருத்துவ அமைப்புகளும் ஆதரிக்கின்றன. நாளைக்கு உங்கள் இருவருக்கும் கேரியர் என்று வந்து, இந்தக் குழந்தைக்கும் நோய் இருப்பதாகத் தெரிந்தால், அடுத்த பிரசவத்தில் நீங்களும் இதை யோசிக்கலாம். இந்தக் குழந்தையின் ரத்தத்தை அவனுக்கென்றே சேமிப்பதில் அந்த நிலையிலும் பயனில்லை.

வீணாகப் போகிற ரத்தமா?

"எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே" என்று பிரதிநிதி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை இல்லை. பிறக்கும் நொடியில் குழந்தைக்குரிய ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சிலும் கொடியிலும் இருக்கிறது. கொடியை உடனே கவ்வி வெட்டாமல் விட்டால், அது துடித்துத் துடித்து அந்த ரத்தத்தைக் குழந்தைக்கு அனுப்பும். முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை போய்ச் சேரும். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 250 மில்லி அளவுக்குத்தான் ரத்தம் இருக்கும். அப்படியென்றால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். கொடியை வெட்டக் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிக் கிடைக்கும் இரும்புச்சத்து குழந்தைக்கு ஆறு மாதம் வரை கைகொடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காசில்லாமல் கிடைக்கும் இந்த ரத்தத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை.

வங்கிக்காக எடுக்கும் முறையையும் சொல்கிறேன். கொடியைக் கவ்வி வெட்டிய பின், நஞ்சுப் பக்கம் மிச்சமிருக்கும் கொடியை மருந்தால் துடைத்து, அதிலுள்ள ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி, உறையாமலிருக்க மருந்து கலந்த பையைத் தாழ்வாகப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். சில நிமிட வேலை. தாய்க்கும் வலியில்லை, சேய்க்கும் வலியில்லை. சிக்கல் நேரத்தில்தான். காத்திருந்து வெட்டினால் பையில் ரத்தம் குறையும். பையை நிரப்ப நினைத்தால் காத்திருக்க மனம் வராது. மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 2.5 கோடி செல்களாவது வேண்டும். சிறு குழந்தைக்குப் போதுமான ஒரு பை, பெரியவருக்குப் போதாமல் போவது சகஜம். தாத்தா பாட்டிக்கும் ஆகும் என்று சொல்வதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் பிரசவக் குழுவிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்: "குழந்தை நன்றாக இருந்தால் கொடியை உடனே வெட்ட வேண்டாம்." சிசேரியன் ஆனாலும் கேட்கலாம். குழந்தைக்கு மூச்சுவிட உதவி தேவைப்பட்டாலோ உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ மருத்துவர் உடனே வெட்டுவார். அந்த நேரத்தில் அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

தானமாகக் கொடுப்பது பற்றி

நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள். பொது வங்கி என்பது ரத்த வங்கி மாதிரி. யாரும் கட்டணம் இல்லாமல் கொடுக்கலாம், பொருந்துகிற நோயாளி யாராக இருந்தாலும் பெறலாம். 1992-ல் நியூயார்க் ரத்த மையம் முதல் பொது வங்கியைத் தொடங்கியது. அறிவியல்படி தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஏற்ற இடம் அதுதான். ஆனால் ஒவ்வொரு பையையும் பரிசோதித்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காப்பதற்கு ஆகும் செலவைக் கொடுத்தவரிடம் வாங்க முடியாது. அதனால் நம் நாட்டில் அந்த முயற்சிகள் பரவலாக வேரூன்றவில்லை. தானம் பெறும் மையங்கள் தங்களோடு இணைந்த சில மருத்துவமனைகளில் மட்டும்தான் சேகரிக்க முடியும். உங்கள் ஊர் மருத்துவமனையில் அது நடக்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் குடும்பத்தில் தலசீமியா இருப்பதால் அவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்கவும் செய்வார்கள்.

பட்டறையில் வேலை செய்யும் உங்கள் கணவரும் அவர் நண்பர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னையில் 2009-ல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகளில் பெயர் கொடுக்கலாம். 18 வயது முடிந்து, பதிவேட்டின் வயது வரம்புக்குள் ஆரோக்கியமாக இருந்தால் போதும். கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். என்றைக்காவது யாருக்காவது பொருந்தினால் அழைப்பு வரும். பெரும்பாலும் கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகவே செல்களைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். உடன்பிறந்தவர் பொருந்தாத குழந்தைகளுக்கு இந்தப் பதிவேடு பெரிய நம்பிக்கை. நம் மரபணுக்களின் வகை நம் மக்களிடம்தான் கிடைக்கும் என்பதால் இங்கே பதிவு செய்பவர்கள் கூடினால்தான் பொருத்தமும் கூடும். இப்போது பாதிப் பொருத்தமுள்ள அப்பா அம்மாவிடமிருந்து எடுத்தும் மாற்று சிகிச்சை செய்கிறார்கள். உலகம் முழுவதும் தொப்புள்கொடி ரத்தத்தின் தேவை குறைந்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டிய பணமும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தமும்

கையெழுத்துப் போடவில்லை என்பது நல்லது. சேவை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் அனுப்புங்கள்; தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள். ரசீதில் 'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் கேளுங்கள். கொடுக்காத சேவைக்கு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது சரியா என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்க 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லிப் பாருங்கள். பல சின்னத் தொகைகள் அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பிரதிநிதியை ஸ்கேன் மையமே உங்களிடம் அனுப்பியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறீர்கள். நோயாளியை அனுப்பிவைப்பதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002-ம் வருட மருத்துவ நெறி விதிகள் தடை செய்கின்றன. மருத்துவர் வங்கியில் சேரச் சொன்னால், "இதில் உங்களுக்கோ மருத்துவமனைக்கோ ஏதாவது கிடைக்கிறதா டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் எல்லோரும் பேசி, கையில் மிச்சப் பணம் இருக்கிறது, மன நிம்மதிக்காகச் செய்கிறோம் என்று முடிவெடுத்தால் அதையும் நான் தடுக்கவில்லை. அப்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

- மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் நடப்பில் இருக்கிறதா, நகல் வேண்டும்.
- எடுத்த ரத்தத்தில் எவ்வளவு செல்கள் கிடைத்தன என்ற அறிக்கை. ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் பணம் திரும்புமா?
- இதுவரை எத்தனை பைகளைச் சேமித்தார்கள், அதில் எத்தனை உண்மையில் மாற்று சிகிச்சைக்குப் போயின? எந்த நோய்க்கு?
- நிறுவனம் மூடினால் அல்லது விற்கப்பட்டால் உங்கள் பை எங்கே போகும்?
- வெப்பநிலையில் கோளாறு வந்தால் உங்களுக்குச் சொல்வார்களா, என்ன இழப்பீடு?

கடைசிக் கேள்வியை வெறும் பயத்தில் சேர்க்கவில்லை. சிங்கப்பூரில் கார்ட்லைஃப் என்ற வங்கியில் ஏழு சேமிப்புத் தொட்டிகள் உரிய குளிர்நிலையில் இல்லாமல் போனதை 2023 நவம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. குறைந்தது 2,200 வாடிக்கையாளர்களின் ரத்தம் கெட்டுப்போயிருந்தது. அவர்கள் எல்லோரும் வருடக்கணக்கில் நம்பிக் காசு கட்டியவர்கள். 75 வருடத்துக்குக் காப்போம் என்ற வாக்குறுதியையும் யோசித்துக் கேளுங்கள். முதல் சிகிச்சையே 1988-ல்தான் நடந்தது. 20 வருடத்துக்கு மேல் உறைந்திருந்த செல்கள் நன்றாக இருப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறோம். 75 வருடத்தை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

'கூட்டு வங்கி' என்று உங்களிடம் சொல்லியிருப்பதையும் குறிப்பிட்டீர்கள். உறுப்பினர்கள் எல்லோரின் பைகளும் பொதுவில் இருக்கும், தேவைப்பட்டவர் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சொந்தச் செல் பயன்படாது என்ற குறையை இது ஓரளவு சரிசெய்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவை வருவதற்கான வாய்ப்பு அதே சிறிய அளவில்தான் இருக்கிறது. மாற்று சிகிச்சைக்கான மருத்துவமனைச் செலவு தனி. அதை எவ்வளவு ஏற்பார்கள் என்று ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் பாருங்கள்.

அத்தையிடம் பேசும்போது "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து, பேத்திக்கும் அவள் தம்பிக்கும் ஹெச்.எல்.ஏ. பரிசோதனை எடுக்க வேலூருக்குப் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டது அந்தக் குழந்தைக்கு ஒரு வழி. பிரதிநிதி காட்டியதைவிட இது நிஜமான வழி. நீங்கள் இருவரும் ஹெச்.பி.எல்.சி. எடுத்த பின் அறிக்கை கைக்கு வந்ததும், இருவருக்கும் ஏ2 அளவு கூடுதலாக இருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.